குழாய்களைக் கட்டிப்போட்ட சிமுலேஷன்

கொழும்பில் குழாய்க் கற்றை இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வெள்ளவத்தை மாடிவீடுகளின் பல்கனியில் சூடான காற்றைக் கக்கும் ஏசி பெட்டி, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் எஞ்சின் அறை, களனிதிஸ்ஸவில் வாயுச்சுழலியின் புகைச்சூட்டைப் பிடித்து நீராவியாக்கும் கொதிகலன், 1969 முதல் இயங்கும் சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், எல்லாவற்றிலும் ஏற்பாடு ஒன்றுதான். நிறையக் குழாய்களை நெருக்கி அடுக்கி, உள்ளே ஒரு பாயியை (ஓடும் திரவத்தை அல்லது வாயுவை) ஓடவிட்டு, வெளியே இன்னொரு பாயியைக் குறுக்காகத் தள்ளுகிறார்கள். நெருக்கினால் வெப்பம் நன்றாகக் கைமாறும், இடமும் மிச்சம். நெருக்கினால் குழாய்கள் ஆடவும் தொடங்கும் என்பதுதான் வில்லங்கம்.

இந்தப் பாய்ச்சலைக் கணினியில் போட்டுப் பார்ப்பது இப்போது பொறியியல் மாணவர்களுக்குப் பழகிப்போன வேலை. இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளைப் புரட்டினால் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் குழாய்களைச் சுற்றி வளைந்தோடும் படங்கள் அடிக்கடி தலைகாட்டும். அழகுதான், மறுக்கவில்லை. வெப்பம் எவ்வளவு கடத்தப்படும், அமுக்கம் எவ்வளவு விழும் என்று கேட்டால் அந்தப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் எண்கள் ஓரளவு நம்பத்தக்க பதில் தரும். ஆனால் "இந்தக் குழாய் தாங்குமா, அல்லது ஒரு வருடத்தில் தேய்ந்து ஓட்டையாகுமா" என்று கேட்டால், குழாய்கள் கல்லுப்போல நிற்கும் சிமுலேஷனால் பதில் சொல்ல முடியாது. மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக இடத்தைச் சின்னக் கண்களாக வெட்டும் வலையை, எவ்வளவு நுணுக்கினாலும், எவ்வளவு பெரிய கணினியில் ஓடவிட்டாலும் சரி, முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒற்றைக் குழாய். தண்ணீர் குறுக்காக ஓடும்போது குழாயின் பின்பக்கத்தில் சுழிகள் மாறி மாறி, ஒருமுறை மேலிருந்தும் ஒருமுறை கீழிருந்தும், கழன்று போகும். செக் நாட்டுக்காரரான ஸ்ட்ரூஹால் 1878இல் காற்றில் கம்பிகள் இசைப்பதை ஆராய்ந்தபோதே, செக்கனுக்கு எத்தனை தடவை கழல்கிறது என்ற மீடிறன் வேகத்துக்கு நேர்விகிதமாகவும் விட்டத்துக்கு எதிர்விகிதமாகவும் இருப்பதைக் கண்டுவிட்டார். சுழிகளின் வரிசைக்குக் கணக்குப் போட்டவர் ஃபொன் கார்மன், 1911இல். மீடிறனை விட்டத்தால் பெருக்கி வேகத்தால் வகுக்க வரும் விகித எண், உருளைக்கு, ரெனோல்ட்ஸ் எண்ணின் (பாய்ச்சலின் வேகமும் அளவும் பாயியின் பிசுக்குமையை எவ்வளவு மிஞ்சுகின்றன என்று காட்டும் எண்) பெரிய வீச்சு ஒன்றில், ஏறக்குறைய 0.2. வெப்பமாற்றிகளில் சாதாரணமாகப் பாவிக்கும் 19 மில்லிமீற்றர் குழாயை எடுத்து, செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் தண்ணீரை ஓடவிட்டால், 0.2ஐ 0.019ஆல் வகுக்க வருவது பத்தரை. அதாவது செக்கனுக்குப் பத்துத் தடவைக்குச் சற்று மேலே குழாயை மேலும் கீழுமாக ஒரு விசை இழுக்கிறது. குழாயின் சொந்த மீடிறனும் அதே பத்தரையாக இருந்துவிட்டால் பரிவு, ஆட்டம் பெருகிவிடும். உயர்தர பௌதிகவியல் படித்த எவருக்கும் இதுவரை புதிதாக ஒன்றும் இல்லை.

இனிக் குழாய்களை நெருக்குவோம். அமெரிக்காவின் வெப்பமாற்றி உற்பத்தியாளர் சங்கமான டெமாவின் தரம், இரண்டு குழாய்களின் மையங்களுக்கு இடையிலான தூரம் விட்டத்தைப்போல 1.25 மடங்குக்குக் குறையக்கூடாது என்கிறது. அந்தக் குறைந்தபட்சத்திலேயே நின்றால் 19 மில்லிமீற்றர் குழாய்களுக்கு இடையே மிஞ்சுவது ஐந்து மில்லிமீற்றர்கூட இல்லை. வருகிற தண்ணீர் எல்லாம் அந்தச் சந்துக்குள்ளால்தான் போக வேண்டும் என்பதால் வேகம் ஐந்து மடங்காகிறது. முன்னால் இருக்கும் குழாயின் கொந்தளிப்பு பின்னால் இருப்பதன் முகத்தில் நேரே அடிக்கிறது. சுழி உருவாகி வளர்வதற்கே இடம் போதாது. இவ்வளவு நெருக்கத்துக்குள் கார்மன் சொன்ன ஒழுங்கான சுழி வரிசை இருக்கவே இருக்காது, அகலமான மீடிறன் பட்டையில் அடிக்கும் கொந்தளிப்புத்தான் இருக்கும் என்று ஓவன் என்ற பிரித்தானியப் பேராசிரியர் 1965இல் வாதாடினார். அது முழுக்கச் சரியில்லை, சில அடுக்குகளில் தெளிவான சுழி மீடிறன் வரத்தான் செய்கிறது, குறிப்பாக முன்வரிசைகளில். வாயு ஓடும் கொதிகலன்களில் அந்த மீடிறன் உறையின் ஒலிப்பரிவோடு ஒத்துப்போனால் இயந்திரம் முழுவதும் உறுமத் தொடங்கும். நடுவில் தட்டையான தகடுகளைச் செருகி உறையைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆகவே அதை இத்தோடு விட்டுவிடலாம்.

பெரிய ஆபத்து சுழியும் இல்லை, கொந்தளிப்பும் இல்லை. கொந்தளிப்பு குழாயை எப்போதும் கொஞ்சம் உலுப்பிக்கொண்டே இருக்கும், வருடக்கணக்கில் தாங்கியில் உரசித் தேய்க்கும், அவ்வளவுதான். உண்மையான எமனுக்குப் பெயர் பாயிமீள்தன்மை உறுதியின்மை. பெயர் பயமுறுத்தினாலும் சங்கதி எளிது. குழாய் ஒன்று தற்செயலாகக் கொஞ்சம் நகர்கிறது. அது நகர்ந்ததால் இரண்டு பக்கச் சந்துகளின் அகலமும் மாறுகிறது, அதனால் அவற்றில் ஓடும் தண்ணீரின் வேகமும் அமுக்கமும் மாறுகின்றன, அந்த மாற்றம் திரும்பக் குழாயின் மேல் விசையாக வந்து விழுகிறது. பாயிக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால் அந்த விசை சற்றுத் தாமதித்தே வருகிறது. தாமதம் தோதாக அமைந்தால், குழாய் எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கத்துக்கு விசையும் தள்ளும். கோயில் மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனால் யாரும் பேசாமலே ஊளையிடுமே, அதே கதைதான். வெளியிலிருந்து எந்தத் தாளமும் தேவையில்லை, தன் சத்தத்தைத் தானே வாங்கித் தானே பெருக்கிக்கொள்கிறது. வொலியூமைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு புள்ளி வரை ஒன்றும் நடக்காது, அந்தப் புள்ளியைத் தாண்டினால் நிறுத்த முடியாது. குழாய்க் கற்றையில் வொலியூமின் இடத்தில் இருப்பது பாய்ச்சலின் வேகம்.

குழாய்கள் நகராத சிமுலேஷனில் ஏன் இது அகப்படாது என்பது இப்போது விளங்கும். குழாயை ஆட்டும் விசையைப் பிறப்பிப்பதே குழாயின் ஆட்டம். ஆட்டத்தை முதலிலேயே பூச்சியமாக்கிவிட்டு அந்த விசையைத் தேடினால் எங்கே கிடைக்கும்? கொந்தளிப்பு தரும் விசை மட்டும் கிடைக்கும். அது பெரும்பாலும் சின்னதாக இருக்கும். பார்ப்பவர் "பரவாயில்லை, பாதுகாப்பாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

எந்த வேகத்தில் இது தொடங்கும் என்பதற்கு வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் இருந்த கானர்ஸ் 1970இல் ஒரு சூத்திரம் தந்தார். இன்றுவரை தொழில்துறை அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. அவதி வேகம், அதாவது ஆட்டம் கைமீறத் தொடங்கும் வேகம், என்பது குழாயின் மீடிறனை விட்டத்தால் பெருக்கி, அதை ஒரு வர்க்கமூலத்தால் பெருக்கி, கடைசியில் ஒரு மாறிலியால் பெருக்க வருவது. வர்க்கமூலத்துக்குள் மேலே இருப்பவை குழாயின் ஒரு மீற்றருக்கான திணிவும் தணிப்பும் (ஆட்டத்தை அடக்கும் தன்மை, இங்கே தணிப்பு விகிதத்தைப்போல 2π மடங்கு), கீழே இருப்பவை பாயியின் அடர்த்தியும் விட்டத்தின் வர்க்கமும். மாறிலிக்கு கானர்ஸ் தன் ஒற்றை வரிசைப் பரிசோதனையிலிருந்து 9.9 என்று எடுத்தார். முழுக் கற்றைக்கு அது மிகவும் தாராளம். கனடாவின் சோக் ரிவர் ஆய்வுகூடத்தில் பெட்டிக்ரூவும் கூட்டாளிகளும் பெருந்தொகைப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வடிவமைப்புக்கு 3 போதும் என்றார்கள். அதுவும் குழாய்கள் ஓரளவு விலகி இருந்தால்தான், மிக நெருங்கினால் இன்னும் இறக்கச் சொன்னார்கள்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 19 மில்லிமீற்றர் விட்டம், 2.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குக் குழாய், உள்ளே தண்ணீர், வெளியே தண்ணீர். குழாய் ஆடும்போது சுற்றியிருக்கும் தண்ணீரும் கொஞ்சம் சேர்ந்து ஆடும் என்பதால் அந்தத் திணிவையும் சேர்த்துக்கொண்டால் மீற்றருக்கு 1.5 கிலோகிராம் அளவில் வரும். தணிப்பு விகிதம் நூற்றுக்கு 1, சொந்த மீடிறன் 40 ஹேர்ட்ஸ், மைய இடைவெளி விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு, மாறிலி 3 என்று வைத்தால், சந்துக்குள் அவதி வேகம் செக்கனுக்கு 1.2 மீற்றருக்குக் கிட்ட நிற்கிறது. இந்த இடைவெளியில் சந்து வேகம் என்பது வருகிற வேகத்தைப்போல மூன்று மடங்கு. ஆக, செக்கனுக்கு 0.4 மீற்றரில் சோம்பலாக வந்து சேரும் தண்ணீரே இந்தக் குழாயை ஆடவைத்துவிடும்! இன்னொன்றும் உண்டு. குழாயைத் தாங்கும் பஃபிள் தகடுகளுக்கு இடையிலான தூரத்தை இரட்டித்தால் மீடிறன் நான்கில் ஒன்றாகும், அவதி வேகமும் கிட்டத்தட்ட அப்படியே விழும். செலவைக் குறைக்க இரண்டு தகட்டைக் குறைப்போம் என்று யாராவது சொன்னால் முதலில் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

இவ்வளவு எளிய சூத்திரம் இருக்கும்போது சிமுலேஷன் எதற்கு? அந்த மாறிலிதான் காரணம். அது அடுக்கின் வடிவத்தோடு, நெருக்கத்தோடு, எந்தத் திசையில் ஆடுகிறது என்பதோடு மாறும். முக்கோண அடுக்கில் ஒன்று, சதுர அடுக்கில் ஒன்று. அழுக்குப் படியும் எண்ணெய் ஓடும் இடங்களில் துப்புரவுக்கு நேர்ச்சந்து வேண்டும் என்பதற்காகச் சதுரமாக அடுக்குவார்கள், அதற்கு முக்கோண அடுக்கில் எடுத்த எண் பொருந்தாது. பரிசோதனைப் புள்ளிகளை ஒரே வரைபில் போட்டால் வானத்து நட்சத்திரங்கள்தான், கோடு எங்கே போடுவது என்பதில் பாதி விஞ்ஞானம், பாதி துணிச்சல்.

சரி, சிமுலேஷனுக்கு வருவோம். சமன்பாடு பாயிகளின் ஓட்டத்துக்கான நேவியர்–ஸ்டோக்ஸ், அதில் சண்டையில்லை. கொந்தளிப்பை என்ன செய்வது என்பதில்தான் சண்டை. சராசரி எடுக்கும் மாதிரிகள், கே-எப்சிலான், 1994இல் மென்டர் தந்த எஸ்.எஸ்.டி. போன்றவை, மடிகணினியிலேயே ஓடும். ஆனால் விசையின் ஏற்ற இறக்கம்தான் நமக்கு வேண்டியது என்னும்போது, ஏற்ற இறக்கத்தைச் சராசரிக்குள் கரைத்துவிடும் மாதிரியிடம் போய் அதையே கேட்பதில் அர்த்தம் குறைவு. பெரிய சுழிகளை நேரே கணித்து, சின்னவற்றை மட்டும் மாதிரியிடம் விடும் எல்.ஈ.எஸ். முறைதான் பொருத்தம். அது விலை கேட்கும். மேலே சொன்ன குழாயையே எடுங்கள்: சந்தில் 1.2 மீற்றர் வேகம், 0.1 மில்லிமீற்றர் வலைக்கண். தண்ணீர் ஒரு காலப்படியில் ஒரு கண்ணுக்கு மேல் தாண்டக்கூடாது என்றால் காலப்படி ஒரு செக்கனில் பன்னிரண்டாயிரத்தில் ஒன்று. விசையின் மீடிறன் பட்டையைச் சுமாராகப் பார்க்க ஐந்து செக்கன் பாய்ச்சல் வேண்டுமென்றால் அறுபதாயிரம் படிகள், ஒவ்வொரு படியிலும் பல லட்சம் கண்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட ஊர் இது, இடைநிலைக் கோப்பை அடிக்கடி எழுதிவைக்கச் சொல்லித் தனியாக யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

செலவைக் குறைக்க எல்லோரும் இரண்டு குறுக்குவழிகளைப் பிடிப்பார்கள். இரண்டுமே இந்த இடத்தில் காலை வாரும். ஒன்று, இரு பரிமாணத்தில் செய்வது. தட்டையான கணக்கில் சுழி என்பது குழாயின் நீளம் முழுவதும் ஒரே கணத்தில் கழன்று விழும். நிஜத்தில் ஒரு பகுதியில் கழலும்போது இன்னொரு பகுதியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒன்றையொன்று கொஞ்சம் ரத்தாக்கும். அதனால் தட்டைக் கணக்கில் பக்கவிசை ஊதிப்பெருத்து வரும். மற்றது, ஒன்றிரண்டு குழாய்களை மட்டும் வெட்டியெடுத்து, வலப்பக்கத்தால் வெளியேறுவது இடப்பக்கத்தால் உள்ளே வருவதாக வைத்து, முடிவில்லாத கற்றை என்று பாவனை செய்வது. வெப்பக் கணக்குக்கு இது பரவாயில்லை. ஆனால் ஒரு குழாயை மட்டும் வெட்டியெடுத்தால் அதன் அயலவர்கள் எல்லோரும் அதன் நகல்கள், ஒரே நேரத்தில் ஒரே பக்கம்தான் ஆடுவார்கள். உறுதியின்மை வரும்போது அயல் குழாய்கள் ஒன்றுக்கொன்று எதிராகவும் ஒன்றையடுத்து ஒன்றாகவும் ஆடுவதே வழக்கம். அந்தச் சாத்தியத்தைக் கதவடைத்துவிட்டுத்தான் கணக்கே தொடங்குகிறது. சதுர அடுக்கில் இன்னொரு கூத்தும் நடக்கும், பாய்ச்சல் நேரே போகாமல் ஒரு பக்கம் சாய்ந்து மூலைவாட்டில் ஓடப் பார்க்கும். அது பௌதிகமா, வெட்டியெடுத்த துண்டின் அளவால் வந்த விளைவா என்று பிரித்தறிய துண்டைப் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

குழாயை அசையவிடுவது என்றால் இரண்டு வழி. நேர்வழி, குழாயை வில்லில் தொங்கவிட்டதுபோல வைத்து, ஒவ்வொரு காலப்படியிலும் விசையைக் கணித்து, குழாயை நகர்த்தி, வலையையும் கூடவே வளைத்து, மறுபடி கணிப்பது. காற்றென்றால் பிரச்சினை குறைவு. தண்ணீரில், பாயியின் திணிவும் குழாயின் திணிவும் கிட்டக்கிட்ட இருப்பதால், இரண்டு கணக்கையும் மாறி மாறி ஒரு தடவை மட்டும் செய்தால் எண்கள் வெடித்துச் சிதறும். வேடிக்கை என்னவென்றால் அப்போது குழாய் ஆடுவது பௌதிகத்தாலா, கணக்கின் கோளாறாலா என்றே தெரியாது. ஒவ்வொரு படியிலும் இரண்டும் ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், செலவு பல மடங்காகும்.

எனக்குப் பிடித்தது மற்ற வழி. ஒரே ஒரு குழாயை, நாமே, சிறிய வீச்சத்தில், தெரிந்த மீடிறனில் ஆட்டுவது. அதன் மீதும் அயல் குழாய்கள் மீதும் வரும் விசையை அளப்பது, எவ்வளவு என்று மட்டுமல்ல, எவ்வளவு பிந்தி வருகிறது என்றும். அந்தப் பிந்துதலுக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஜப்பானில் தனாகாவும் தகாஹாராவும் 1981இல் இதை நீர்த்தொட்டியில் நிஜக் குழாய்களை வைத்துச் செய்தார்கள், இப்போது அதையே கணினியில் செய்யலாம். வெவ்வேறு வேகங்களுக்கு இந்த விசை எண்களை எடுத்துவிட்டால், எத்தனை குழாய்கள் சேர்ந்து எப்படி ஆடினாலும் அவதி வேகம் எது என்பதை ஒரு அணிக்கணக்கால் (மேட்ரிக்ஸ் கணக்கால்) எடுத்துவிடலாம். திணிவை மாற்றினாலும் தணிப்பை மாற்றினாலும் சிமுலேஷனை மறுபடி ஓடவிடத் தேவையில்லை.

எத்தனை குழாய்கள், எந்தத் திசை என்ற கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு கலிபோர்னியாவின் சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையம் சாட்சி. அங்கே புதிதாக மாற்றிய நீராவியாக்கிகள் ஒவ்வொன்றிலும் 9,727 யூ வடிவக் குழாய்கள். 2012 ஜனவரி 31ஆம் திகதி, ஏறக்குறைய 11 மாதம் ஓடிய மூன்றாம் அலகில் ஒரு குழாய் கசிந்தது. திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான குழாய்கள் ஒன்றோடொன்று மோதித் தேய்ந்திருந்தன. அமுக்கச் சோதனையில் எட்டுக் குழாய்கள் தோற்றன. வளைவின் தளத்துக்குக் குறுக்கே ஆடாமல் தடுக்கப் பட்டைகள் வைத்திருந்தார்கள், வளைவின் தளத்துக்குள்ளேயே குழாய் ஆடும் என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அதுவரை ஓடிய நிலையங்களில் அப்படி நடந்ததில்லை. ஆனால் 2006இலேயே மொன்றியலில் ஒரு பரிசோதனை வெளியாகியிருந்தது: பாய்ச்சலின் திசையில் மட்டும் வளையக்கூடிய குழாய் தனியாக இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை, அத்தகைய குழாய்கள் பல சேர்ந்து இருந்தபோது உறுதியின்மை வந்தது. ஒரு குழாயை மட்டும் அசையவிட்டு "இந்தத் திசையில் பிரச்சினையில்லை" என்று முடிவெடுப்பவர் எங்கே சறுக்குவார் என்பது இதிலேயே இருக்கிறது.

அங்கே சிமுலேஷனும் இருந்தது, இல்லாமல் இல்லை. பத்தாயிரம் குழாய்க்கு மெஷ் போட முடியாது என்பதால் குழாய்க் கற்றையை ஒரு நுண்துளை ஊடகமாகப் பாவித்து வேகத்தைக் கணிப்பார்கள், பிறகு அந்த வேகத்தைக் கானர்ஸ் சூத்திரத்தோடு ஒப்பிடுவார்கள். வடிவமைப்பில் பாவித்த மென்பொருள் தந்த வேகம், பிறகு வேறு மென்பொருளால் சரிபார்த்தபோது வந்ததைவிட மூன்று நான்கு மடங்கு குறைவாக இருந்ததை அமெரிக்க அணுசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் விசாரணைக் குழு கண்டது. அதற்குமேல் இன்னொரு விதி விளையாட்டு. உற்பத்தியாளரான மிற்சுபிஷியின் விளக்கப்படி, மூன்றாம் அலகின் தடுப்புப் பட்டைகள் இரண்டாம் அலகினதைவிடத் துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தன, அதனாலேயே அவை குழாய்களை இறுக்கி அழுத்தவில்லை, உராய்வு குறைந்து குழாய்கள் தளத்துக்குள் சறுக்கின. இரண்டாம் அலகை 70 வீத வலுவில் ஓடவிடலாம் என்று நிலையத்தை நடத்திய கம்பெனி கேட்டுப் பார்த்தது, அனுமதி இழுபட்டது, 2013 ஜூன் 7ஆம் திகதி இரண்டு அலகுகளையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். சேர்த்து ஏறக்குறைய 2,150 மெகாவாட். அந்த வருடத்து இலங்கையின் உச்ச மின்தேவையே அந்த அளவுதான்.

கொழும்பில் இருந்துகொண்டு இதில் என்ன செய்யலாம்? நிறைய. டொலரில் உரிமக் கட்டணம் கேட்கும் மென்பொருள் தேவையில்லை, 2004இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம் போதும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழு குழாய்கள், முன்னும் பின்னும் அசையாத சில வரிசைகள். நடுக்குழாயைப் பாய்ச்சலுக்குக் குறுக்கே ஒருமுறை, பாய்ச்சலின் திசையில் ஒருமுறை ஆட்டி, ஏழின் மீதும் வரும் விசையை எடுத்து, வெளியாகியிருக்கும் பரிசோதனை எண்களோடு ஒப்பிட்டால் அதுவே உருப்படியான ஒரு புராஜெக்ட். எல்.ஈ.எஸ். எட்டாவிட்டால் சராசரி மாதிரியின் நேரம்சார்ந்த வடிவத்திலும் இதைச் செய்யலாம். இங்கே நாம் தேடுவது கொந்தளிப்பின் விசையை அல்ல, நாமே ஆட்டியதற்கு வரும் பதிலை என்பதால் அது அவ்வளவு மோசமாகப் பிழையாகாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப்பமாற்றி ஒன்றில் குழாய்கள் தட்டுப்படும் சத்தம் கேட்டால் மட்டும், சிமுலேஷன் முடியும்வரை காத்திருக்காதீர்கள். பாய்ச்சலைக் குறைத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் தகடுகளுக்கு நடுவே குழாய் வரிசைகளுக்குள் தட்டைக் கம்பிகளைச் செருகி இறுக்கினால் தாங்கித் தூரம் பாதியாகும், மீடிறன் நான்கு மடங்காகும்.